சிப்பாய் சொன்ன கதையா, சரித்திரம் சொல்லும் கதையா?

சேலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நான்கு பக்கம்; கேள்வி இரண்டே வரி. அவருடைய தாத்தா இரண்டாவது உலக யுத்தத்தின்போது பர்மா முனையில் ராணுவ லாரி ஓட்டியவராம். ஊர் திரும்பிய பிறகு நாற்பது வருஷம் உயிரோடு இருந்தார். யுத்தத்தைப் பற்றி வாய் திறந்தவரில்லை. எப்போதாவது ஜுரம் வந்து படுத்தால் மட்டும் "மெய்க்டிலா, மெய்க்டிலா" என்று முனகுவாராம். அது பர்மாக்காரர்கள் பண்ணுகிற ஏதோ பலகாரம் என்று வீட்டுக் குழந்தைகள் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்!

இப்போது அந்தச் சகோதரியின் பிள்ளைக்குப் பதினேழு வயது. ராணுவ அதிகாரியாக வேண்டுமென்று பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். "பையன் கையில் கொடுக்கவும், நானும் படித்துத் தாத்தாவைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ளவும் பர்மா யுத்தத்தைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கலாமென்று இருக்கிறேன். சண்டையில் இருந்த சிப்பாய் எழுதியதை வாங்கட்டுமா, சரித்திர ஆசிரியர் எழுதியதை வாங்கட்டுமா? இந்த மாசம் ஒன்றுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும்" என்று கேட்கிறார். அவருடைய கணவர் சரித்திரத்தின் கட்சி. "சிப்பாய்க்கு என்ன தெரியும்? தன் மூக்குக்கு முன்னால் நடந்ததைத்தான் சொல்வான்" என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தை அலட்சியம் பண்ணிவிட முடியாது. சிப்பாய்க்கு மூக்குக்கு முன்னால் நடந்ததுதான் தெரியும், வாஸ்தவம். ஆனால் மூக்குக்கு முன்னால் நடந்தது சரித்திர ஆசிரியருக்குத் தெரியாதே, அதற்கு என்ன செய்வது?

பொதுவாகப் பேசிக்கொண்டு போனால் இந்த வழக்கு என்றைக்கும் தீராது. இரண்டு புத்தகங்களை எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம். இரண்டும் இங்கிலீஷ்ப் புத்தகங்கள்தான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கிறான். மாலையில் அவனை உட்கார்த்தி வைத்து உரக்கப் படிக்கச் சொல்லி அர்த்தம் கேட்டுக்கொள்ளலாம். அவனுக்கும் இங்கிலீஷ் பலப்படும்.

முதலாவது, ஜார்ஜ் மக்டொனால்ட் ஃபிரேசர் என்பவர் எழுதிய "குவார்ட்டர்ட் ஸேஃப் அவுட் ஹியர்". 1992-ல் வெளிவந்தது. ஃபிரேசர் என்றால் யார் என்கிறீர்களா? ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர்; "ஃப்ளாஷ்மன்" என்ற பெயரில் வரிசையாக வேடிக்கை நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியவர். ஆனால் 1945-ல் அவர் வெறும் சிப்பாய். பத்தொன்பது வயது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையிலுள்ள கம்பர்லாந்துப் பிரதேசத்து ஆட்கள் நிறைந்த பார்டர் ரெஜிமெண்டில் சேர்ந்து, நம்முடைய 17-வது இந்திய டிவிஷனோடு பர்மாவுக்குள் போனார். இருபதாவது பிறந்த நாள் அங்கேயே போர்க்களத்தில் கழிந்தது.

இரண்டாவது, லூயி ஆலன் எழுதிய "பர்மா: தி லாங்கஸ்ட் வார்". 1984-ல் வந்தது. ஆலன் டர்ஹாம் சர்வகலாசாலையில் பிரெஞ்சுப் பாஷை கற்றுக்கொடுத்தவர். பிரெஞ்சு வாத்தியாருக்கும் பர்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். யுத்த காலத்தில் அவருக்கு ஜப்பானிய பாஷை கற்றுக்கொடுத்து, உளவுப் பிரிவு அதிகாரியாக அங்கே அனுப்பினார்கள். எதிரியின் காகிதங்களை எதிரியின் எழுத்திலேயே படிக்கத் தெரிந்தவர். யுத்தம் முடிந்த பிறகும் அந்தப் படிப்பை விடாமல், இரண்டு கட்சிக்காரர்கள் எழுதியதையும் சொன்னதையும் சேர்த்து வைத்து அறுநூறு பக்கத்துக்கு மேல் எழுதினார்.

இரண்டு புத்தகத்திலும் மெய்க்டிலா வருகிறது. ஆகவே சேலத்துச் சகோதரிக்கு இரண்டுமே உறவுதான்.

முதலில் சரித்திரம் சொல்லுவதைக் கேளுங்கள். மெய்க்டிலா என்பது நடு பர்மாவில் ஏரிக்கரையில் இருக்கும் ஊர். ஜப்பானியரின் சாமான் கிடங்குகளும் விமான மைதானங்களும் அங்கேதான் இருந்தன. வடக்கே மாண்டலேயில் சண்டை போடும் சேனைக்குச் சோறும் குண்டும் இந்த ஊர் வழியாகத்தான் போக வேண்டும். 14-வது ராணுவத்தின் தலைவர் ஜெனரல் ஸ்லிம் ஒரு தந்திரம் செய்தார். மாண்டலேயைத்தான் முழு மூச்சாகத் தாக்கப் போவதாக எதிரியை நம்ப வைத்தார். ஒரு படைப் பிரிவின் தலைமையகத்தைப் போலப் போலித் தலைமையகம் ஒன்று வைத்து, அங்கிருந்து ஓயாமல் ரேடியோச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கச் செய்தார். நிஜமான படையோ ரேடியோவை அடைத்துவிட்டு, காட்டுப் பள்ளத்தாக்கு வழியாக மேற்கே சுற்றிக்கொண்டு போயிற்று. 1945 பிப்ரவரியில் பகானுக்குப் பக்கத்தில் ஐராவதியைக் கடந்தார்கள். 17-வது இந்திய டிவிஷன் டாங்கிகளும் லாரிகளுமாக சுமார் எண்பது மைல் பாய்ந்து, மார்ச் 3-ந் தேதிக்குள் மெய்க்டிலாவைப் பிடித்துவிட்டது.

அங்கே இருந்த ஜப்பானியத் தளபதி கசூயா. அவரிடம் நல்ல சண்டைப் படை அதிகமில்லை. கிடங்குக் காவலர், குமாஸ்தாக்கள் கையிலெல்லாம் துப்பாக்கி கொடுத்தார். போதவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளையும் எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். சில ஜப்பானியர் தரையில் குழி தோண்டி, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு விமானக் குண்டை வைத்துக்கொண்டு, கையில் ஒரு கல்லோடு உட்கார்ந்திருந்தார்களாம். தலைக்குமேல் டாங்கி வரும்போது கல்லால் குண்டைத் தட்ட வேண்டும் என்பது கட்டளை. படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஊரைப் பிடித்தவுடன் கதை முடிந்துவிடவில்லை. ஜப்பானியர் திரும்பி வந்து சுற்றி வளைத்துக்கொண்டார்கள். ரஸ்தா துண்டிக்கப்பட்டது. சாப்பாடு, பெட்ரோல், மருந்து எல்லாம் ஆகாய மார்க்கமாகத்தான் வர வேண்டும். விமானம் இறங்கும் மைதானத்துக்கே தினமும் சண்டை. மார்ச் மாதக் கடைசி வரை இப்படி. டிவிஷனோடு உள்ளே போன லாரிகளும் லாரிக்காரர்களும் அந்த வளையத்துக்குள்தான். சகோதரி, உங்கள் தாத்தா அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால், ஜுரத்தில் அந்த ஊரின் பேர் நாவில் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பார்த்தீர்களா? இதையெல்லாம் சரித்திரம் சொல்லாவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? ரேடியோ ஏன் மௌனமாக இருக்கிறது, ஏன் இந்த வழியாகப் போகிறோம் என்று எந்தச் சிப்பாய்க்கும் யாரும் காரணம் சொல்லப் போவதில்லை. இன்னொன்றும் உண்டு. அந்த டிவிஷனின் தளபதி ஜெனரல் கோவன். மெய்க்டிலாவுக்காக அவர் போராடிக்கொண்டிருந்த அதே மார்ச் மாதத்தில், மாண்டலேச் சண்டையில் அவருடைய மகன் உயிரிழந்தான். செய்தி வந்தது, தகப்பன் தன் வேலையைத் தொடர்ந்து பார்த்தார். கீழே குழியில் இருக்கும் சிப்பாய்க்கு, மேலே இருக்கிறவன் கல் நெஞ்சக்காரன் என்றுதான் தோன்றியிருக்கும். உயரத்தில் நின்று பார்க்கிற சரித்திரத்துக்கு இப்படியும் ஒரு பிரயோஜனம்.

சரி, இனி சிப்பாயைக் கேட்போம்.

ஃபிரேசர் ஆரம்பத்திலேயே ஒரு நியாயம் கேட்கிறார். சர்க்கார் வெளியிடும் யுத்த சரித்திரம் ஒவ்வொன்றுக்கும் துணையாக, அந்தச் சண்டையில் அடிமட்டத்தில் இருந்த ஒருவன் எழுதிய புத்தகமும் இருக்க வேண்டும் என்கிறார். தமக்கு ஆயுசுக்கும் மறக்காத ஒரு நாள், சர்க்கார் சரித்திரத்தில் எவ்வளவு சிறிய இடத்தில் அடங்கிவிடுகிறது என்பதை அவர் காட்டும்போது சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

அவருடைய புத்தகத்தில் ஜெனரல்கள் அதிகமாக வருவதில்லை. வருகிறவர்கள் ஒன்பதாவது செக்ஷன் என்ற சிறு கூட்டத்தைச் சேர்ந்த ஆட்கள். ஒருவரையொருவர் ஓயாமல் திட்டிக்கொள்வார்கள். சோற்றைப் பற்றியும் டீயைப் பற்றியும் முணுமுணுப்பார்கள். அதிகாரிகளைப் பற்றி வாய் கூசாமல் பேசுவார்கள். அவர்கள் பேச்சைக் கம்பர்லாந்துக் கொச்சையிலேயே எழுதியிருக்கிறார். நம்முடைய கதைகளில் திருநெல்வேலிப் பேச்சையும் கோயமுத்தூர்ப் பேச்சையும் அப்படியே எழுதுகிறார்களே, அது மாதிரி. முதல் முப்பது பக்கம் பல்லை உடைக்கும். அப்புறம் காதில் கேட்க ஆரம்பித்துவிடும்.

அதில் ஒரு இடம். செக்ஷனின் தலைவன் போன்றவன், எல்லோருக்கும் பிடித்தவன், சண்டையில் இறந்துபோகிறான். சாயங்காலம் மற்றவர்கள் திரும்பி வருகிறார்கள். ஒருவரும் அழவில்லை, ஒருவரும் அவனைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுடைய சாமான்கள் கிடக்கின்றன. ஒருவன் அதிலிருந்து ஏதோ ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தன்னுடையதை அந்த இடத்தில் வைக்கிறான். இன்னொருவனும் அப்படியே செய்கிறான். வெளி ஆள் பார்த்தால், "செத்தவன் சொத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்களே, பாவிகள்!" என்றுதான் நினைப்பான். உண்மையில் அவர்கள் ஞாபகார்த்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதை வாய்விட்டுச் சொல்ல மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

இறந்தவர்களின் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்கிற நமக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. நாற்பது வருஷம் வாய் திறக்காத தாத்தா எந்த மாதிரி மனிதர்களோடு இருந்துவிட்டு வந்தார் என்பதற்கு, அறுநூறு பக்கச் சரித்திரத்தைவிட இந்த ஒரு பக்கம் அதிகமாகப் பதில் சொல்லுகிறது என்பது என் அபிப்பிராயம்.

அழுகை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஃபிரேசருக்கு வீட்டிலிருந்து ஷேக்ஸ்பியரின் "ஐந்தாம் ஹென்றி" நாடகம் வந்து சேருகிறது. முரட்டு சார்ஜெண்ட் ஒருவர் அதைக் கடன் வாங்கிப் படிக்கிறார். திருப்பிக் கொடுக்கும்போது அவர் கேட்கிற கேள்வி, ஷேக்ஸ்பியர் பட்டாளத்தில் இருந்தவனா என்பது! இருந்திருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சண்டைக்கு முந்திய இரவு சிப்பாய்கள் பேசிக்கொள்வதை இவ்வளவு சரியாக எழுதியிருக்க முடியாது என்று அவர் சாதிக்கிறார். ஷேக்ஸ்பியருக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் எந்தப் பண்டிதர் கொடுத்திருக்கிறார்?

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஃபிரேசரைத் தூக்கிவைத்துக் கொண்டாடச் சொல்லமாட்டேன். நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு ஞாபகத்திலிருந்து எழுதியது. சில காட்சிகள் நேற்று நடந்ததுபோல இருக்கின்றன. சில நாட்கள் மறைந்தே போய்விட்டன. ஜப்பானியர்மேல் இருந்த வெறுப்பை அவர் கடைசி வரை விடவுமில்லை, மறைக்கவுமில்லை. பதினேழு வயதுப் பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருப்பது நல்லது. ஆஸ்பத்திரியிலிருந்து எழுப்பிவரப்பட்ட ஜப்பானியனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான் என்பதை ஆலனிடத்தில்தான் தெரிந்துகொள்ள முடியும். பர்மாவுக்கு வந்த சுமார் மூன்று லட்சம் ஜப்பானியரில் பாதிக்கு மேல் ஊர் திரும்பவில்லை.

அதைவிட நமக்கு முக்கியமான குறை ஒன்று. ஃபிரேசரின் புத்தகம் கம்பர்லாந்துக்காரர்கள் பத்துப் பேரின் கதை. 14-வது ராணுவத்தில் பெரும் பகுதி இந்தியர்கள். மதராஸ் ஸாப்பர்கள் அங்கே பாலம் கட்டினார்கள், பாதை போட்டார்கள். காலேவாவில் சிந்துவின் நதியின்மேல் 1944 டிசம்பரில் போட்ட பெய்லி பாலம் 1,154 அடி நீளம். அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். தார் தோய்த்த சணல் சாக்கை விரித்து, அதன்மேல் லாரி ஓட்டினார்கள். பாராசூட்டுக்குப் பட்டு கிடைக்கவில்லை என்று கல்கத்தாச் சணலில் பாராசூட் தைக்கச் சொன்னார் ஸ்லிம். பட்டுப் பாராசூட்டுக்கு ஆகிற செலவில் இருபதில் ஒரு பங்குதான் ஆயிற்றாம். (குடும்பம் நடத்துகிற பெண் பிள்ளை ஒருத்தி செய்திருக்க வேண்டிய யோசனை!) லாரிக்காரர் எந்தப் பாதையில், எந்தச் சாமானை ஏற்றிக்கொண்டு, எதற்காகப் போனார் என்பதெல்லாம் இந்த மாதிரி சமாசாரங்களில்தான் இருக்கிறது. இவை சிப்பாயின் கண்ணில் படாதவை.

எதிர்ப் பக்கத்திலும் இந்தியர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மெய்க்டிலாவுக்கு மேற்கே போப்பா மலையில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த ஒரு படைக்குப் பிரேம் குமார் ஸைகல் தலைவர். மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் இருந்த ஜான்ஸி ராணிப் படையும் பர்மாவுக்கு வந்திருந்தது. அதன் தலைவி, நம் சென்னையில் பிறந்த டாக்டர் லக்ஷ்மி. அவரும் ஸைகலும் 1947-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். தாத்தா ஓட்டிய லாரிக்கும் ஸைகலின் படைக்கும் நடுவில் சில பத்து மைல் தூரம்தான் இருந்திருக்கும். எந்தத் தனி மனிதனின் நினைவுக் குறிப்பும் இந்த இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் காட்டாது.

அப்படியானால் தீர்ப்பு என்ன என்று கேட்கிறீர்கள். வழவழா கொழகொழா என்று "இரண்டும் நல்லதுதான்" சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். ஒன்றுக்குத்தான் பணம் என்றால் ஃபிரேசரை வாங்குங்கள். ஆலனை நூல்நிலையத்தில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டுமென்று மலைக்காதீர்கள். மெய்க்டிலா வருகிற அத்தியாயத்தை மட்டும் படித்து, தேசப் படத்தைப் பையனைக் கொண்டு ஒரு காகிதத்தில் வரைந்து ஃபிரேசர் புத்தகத்துக்குள் செருகி வையுங்கள்.

ஏன் சிப்பாய்க்கு முதலிடம் என்றால், பையனை நினைத்துத்தான். சரித்திரம் படிக்கிறபோது நாம் ஒவ்வொருவரும் ஜெனரலாகிவிடுகிறோம். படத்தில் அம்புக்குறிகள் ஓடுகின்றன, "இந்த டிவிஷனை இப்படித் திருப்பியிருக்கலாமே!" என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி யோசனை சொல்கிறோம். அதிகாரியாகப் போகிற பிள்ளை அந்தச் சுகத்தை முதலில் பழகிக்கொள்ளக் கூடாது. நாளைக்கு அவன் ஒரு அம்புக்குறி போடும்போது, அதன் முனையில் டீ டம்ளரோடு திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரை அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தங்கள் கணவர் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. ஜெனரல் ஸ்லிமே எழுதியது. "டிஃபீட் இன்டு விக்டரி" என்று 1956-ல் வந்தது. ஜெனரல்கள் எழுதும் சுயசரிதம் என்றால் எனக்குப் பொதுவாகப் பயம். தோல்வியெல்லாம் பிறத்தியாரால், ஜயமெல்லாம் தன்னால் என்று இருக்கும். ஸ்லிம் அப்படியில்லை. 1942-ல் தோற்றுப் பின்வாங்கியதில் தம்முடைய பிழை எது என்று அவரே சொல்லிக்கொள்கிறார். எழுத்தும் சுவாரஸ்யமானது. இருக்காதா? யுத்தத்துக்கு முன்னால் சம்பளம் போதாமல், புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதிக் காசு சம்பாதித்த மனிதர்! காயம் பட்ட ஒருவனுக்கு நோய் கண்டவர்கள் 120 பேர் என்ற கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம், 1943-ல். மலேரியா மாத்திரையைத் தம் ஆட்கள் விழுங்குகிறார்களா என்று கவனிக்காத அதிகாரிகளை வேலையிலிருந்து நீக்கினாராம். தாத்தாவின் ஜுரத்துக்கு இதில் விளக்கம் இருக்கலாம்.

இங்கிலீஷே வேண்டாம், தமிழில் இல்லையா என்று மற்ற நேயர்கள் கேட்பது காதில் விழுகிறது. பட்டாளத்துக் கதையல்ல, ஆனால் அதே பர்மா: வெ. சாமிநாத சர்மா எழுதிய "எனது பர்மா வழிநடைப் பயணம்". 1942-ல் ஜப்பானியர் வந்தபோது ரங்கூனை விட்டு, மனைவியோடு கால்நடையாக இந்தியாவுக்கு வந்த கதை. அந்த வருஷம் காட்டு வழியில் நடந்து வந்த இந்தியர் லட்சக்கணக்கில். பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் வழியில் விழுந்தவர்கள் பல்லாயிரம் பேர். பர்மாவில் உறவுக்காரர் இருந்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. அந்த வீடுகளில் முதலில் படிக்க வேண்டியது இதுதான்.

சேலத்துச் சகோதரிக்கு இன்னும் ஒரு வார்த்தை. தாத்தாவின் டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறது, பரணில் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய சாமான்காரனிடம் போடுவதற்கு முன்னால் அடித்தாளையும் தூக்கிப் பாருங்கள். பட்டாளத்திலிருந்து விலகியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கக்கூடும். அதில் ராணுவ நம்பரும், எந்தப் பிரிவு என்பதும் இருக்கும். அந்த நம்பர் கிடைத்தால், அந்தப் பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். யூனிபாரத்தில் எடுத்த போட்டோ இருந்தால் தோள்பட்டையில் உள்ள சின்னத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கறுப்புப் பூனை என்றால் 17-வது டிவிஷன்.